புத்தி சொல்வதற்குப் பெயர் கவுன்சிலிங் இல்லை

"இவனுக்குக் கொஞ்சம் கவுன்சிலிங் குடுத்து அனுப்புங்க." பள்ளி ஆலோசகரிடம் ஒரு பிள்ளையைக் கூட்டிவந்து, ஏதோ ஊசி போட்டு அனுப்பச் சொல்வது மாதிரி ஆசிரியர்கள் சொல்கிறார்கள். வேலை அங்கேயே பாதி கெட்டுவிடுகிறது. சண்டை போட்டவனும் வகுப்பைக் கட் அடித்தவனும் போகிற அறை என்று பெயர் விழுந்துவிட்டால், ராத்திரி தூக்கம் வராமல் தவிக்கிற பிள்ளை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. தண்டனை கொடுக்கிற வேலை வேறொருவர் கையில்தான் இருக்க வேண்டும்.

முதல் சந்திப்புக்கு 30, 40 நிமிடம் போதும். தொடக்கத்திலேயே ரகசியம் பற்றிப் பேசிவிட வேண்டும்: "நீ சொல்றது இந்த அறையோட இருக்கும். உன் உயிருக்கு ஆபத்து, உன்னால இன்னொருத்தருக்கு ஆபத்து, உன்னை யாராவது துன்புறுத்துறாங்க, இந்த மூணுல ஒண்ணுன்னா மட்டும் நான் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முடிஞ்சவரைக்கும் உன்கிட்ட முதல்ல சொல்லிடுவேன்." பாசத்தில் "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பவர்கள் பிறகு அதை மீற நேரும். அந்தப் பிள்ளை அப்புறம் எந்தப் பெரியவரையும் நம்பாது.

அடுத்த தப்பு, "ஏன் படிக்கலை?" என்ற கேள்வி. பிள்ளையின் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும், "தெரியல" என்றுதான் பதில் வரும். மனநல சிகிச்சையாளர்களான ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் வளர்த்த, தீர்வை மையமாகக் கொண்ட ஆலோசனை முறையில் அளவுகோல் கேள்வி என்று ஒன்று உண்டு. "பரீட்சையைச் சமாளிச்சிடுவேங்கிற நம்பிக்கை 0லேர்ந்து 10க்குள்ள எவ்வளவு?" பிள்ளை 3 என்கிறதா, 10 ஏன் இல்லை என்று கேட்கக் கூடாது. "1 இல்லாம 3 எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். "அக்கா பக்கத்துல உட்கார்ந்தா கணக்கு வருது" என்பது போல ஏதாவது ஒன்று வெளியே வரும், அதுதான் பிடி. பிறகு, "4 ஆகணும்னா வர்ற வாரம் என்ன மாறணும்?" இந்த இடத்தில் ஆலோசகர் வாயை மூடிக்கொண்டு பத்து விநாடி காத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்!

மதிப்பெண் திடீரென்று சரிந்தால் மனசைத் தோண்டுவதற்கு முன் கண், காது, தூக்கம் மூன்றையும் பாருங்கள். ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வரி தாவுகிறதா, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறதா? அப்படியென்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதை உறுதி செய்வது ஆலோசகர் வேலை இல்லை, உரிய நிபுணரிடம் அனுப்புவதுதான் அவர் வேலை.

"செத்துடலாம் போல இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால், "தற்கொலை பத்தி யோசிக்கிறியா?" என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. தனியாக விடாதீர்கள். அன்றைக்கே பெற்றோர் கையில் நேரில் ஒப்படைத்து, வீட்டில் மாத்திரை, விஷம் போன்றவற்றை எடுத்துப் பூட்டச் சொல்லி, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அந்த வீட்டிலேயேதான் ஆபத்து என்றால் மட்டும் ஒப்படைப்பது குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளிடம்.

வேலை, மேற்படிப்பு வழிகாட்டலில் 1908இல் பாஸ்டனில் பிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய அலுவலகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. தன்னை அறிவது, தொழில்களை அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது என்று அவர் வகுத்தது மூன்று படி. நாம் கடைசி வருடத்தில் ஒருநாள் கண்காட்சி வைத்து நடுப்படியோடு முடித்துக்கொள்கிறோம். ஆர்வங்களை ஆறு வகையாகப் பிரிக்கிற, உளவியலாளர் ஜான் ஹாலண்டின் தேர்வையும் ஜாதகம் மாதிரி கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. அது பேச்சைத் தொடங்குவதற்கான தாள், அவ்வளவுதான்.

இனி கணக்கு. ஒரே ஆலோசகருக்கு 1000 மாணவர், தலைக்கு அரை மணி நேரம் என்றால் 500 மணி. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் பேசினாலும் 100 வேலை நாள், அதுவும் ஒரே ஒரு சந்திப்புக்கு. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்று பரிந்துரைக்கிறது. கிடைக்கிற ஒருவரையும் ஆசிரியர் வராத வகுப்புக்கும் பரீட்சை மேற்பார்வைக்கும் அனுப்பிவிட்டு, "கவுன்சிலிங்கால என்ன மாறிச்சு?" என்று கேட்பது நியாயமே இல்லை.

கடைசியாக ஆசிரியர்களுக்கு. "உள்ளே என்ன சொன்னான்?" என்று கேட்காதீர்கள். "நான் வகுப்பில் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். "இரண்டு வாரம் எல்லார் முன்னாடியும் எழுப்பிக் கேள்வி கேட்காதீங்க, நோட்டைத் தனியா வாங்கிப் பாருங்க" என்று ஆலோசகர் சொன்னால், காரணம் தெரியாமலேயே அதைச் செய்யலாம்.