எல்க் வேட்டைக்கு மேக்னம் வேண்டாம், நல்ல குண்டு போதும்

செப்டம்பர் பிறந்தால் போதும், அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகும் நம்மாட்கள் ஆரம்பித்துவிடுவார்கள். "அண்ணே, எல்க் அடிக்க .308 பத்துமா? .300 மேக்னம் ஒன்று வாங்கிடலாமா?" வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். மேக்னம் என்றால் கூடுதல் மருந்தோடு குண்டை இன்னும் வேகமாகத் தள்ளும் தோட்டா. சாதாரணத் தோட்டா வகைகளான .308, .30-06, .270, இவற்றில் எதற்கான ரைஃபிள் வீட்டில் இருந்தாலும் தாராளம். புது ரைஃபிளுக்கு அழப்போகும் பணத்தில் ஒரு சின்னப் பங்கை நல்ல தோட்டாவுக்குக் கொடுங்கள்.

.30-06 வந்தது 1906-இல், .270 வந்தது 1925-இல், .308 வந்தது 1952-இல். எல்க்கின் தோல் அதற்கப்புறம் ஒன்றும் தடித்துவிடவில்லை. கொலராடோ சட்டம் எல்க்குக்குக் கேட்பதே குறைந்தது 6 மிமீ காலிபர் (குழல் துளையின் அகலம்), 85 கிரெய்ன் (சுமார் ஐந்தரை கிராம்) குண்டு, 100 யார்டில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். .308 அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தருகிறது. அதே சட்டத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: குண்டு உள்ளே போனதும் விரியும் வகையாக இருக்க வேண்டும். முழுக்கக் கவசமிட்ட ராணுவக் குண்டு கூடாது. அது விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும், அடிபட்ட மிருகம் எங்கேயோ ஓடிப்போய்ச் சாகும்.

வேட்டைக் குண்டுக்கு இரண்டு வேலை: உள்ளே போனதும் விரிய வேண்டும், விரிந்த பிறகும் ஆழமாகப் போக வேண்டும். ஒன்று கூடினால் மற்றது குறையும், சிக்கலே அதுதான். சாதாரணக் குண்டு என்பது ஈயத்தின் மேல் மெல்லிய செம்புறை, அவ்வளவுதான். எல்க்கைவிடச் சின்ன மியூல் மானின் விலாவுக்கு அது போதும். முந்நூறு கிலோ ஆண் எல்க்கின் தோள் எலும்பில் கிட்டத்திலிருந்து பட்டால் அங்கேயே சிதறிவிடும். அப்படி அடிபட்ட ஒன்றை உரித்துப் பாருங்கள். முன்சந்து முழுக்க ரத்தம் கட்டிக் கூழாகியிருக்கும், உறை ஒரு பக்கம், ஈயத்தூள் ஒரு பக்கம். நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு துணுக்குதான்.

இங்கேதான் மேக்னம் பிரியர்கள் கோட்டை விடுகிறார்கள். வேகம் கூடினால் மெல்லிய குண்டு இன்னும் சீக்கிரம் உடையும். 1946-இல் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டார். கையில் .300 மேக்னம். மூஸின் உடம்பெல்லாம் காய்ந்த சேறு. குண்டுகள் மேலோடு உடைந்தன, ஆழமாகப் போகவில்லை. ஊர் திரும்பியவர் துப்பாக்கியை மாற்றவில்லை, குண்டையே புதிதாகச் செய்தார். நடுவில் குறுக்காக ஒரு செம்புச் சுவர், முன்னும் பின்னும் தனித்தனி ஈயம். முன்பாதி விரிந்து தேய்ந்தாலும் பின்பாதி சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து எடையோடு உள்ளே போகும். அதுதான் பார்ட்டிஷன். இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது.

"யானையையே 7 மிமீ மவுசரில் அடித்தாரே பெல்?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். உண்மைதான், ஆப்பிரிக்காவில் வேட்டையாடிய கரமோஜோ பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர், அதில் பெரும்பங்கு அந்தச் சின்ன காலிபரில். (பெருமைப்பட ஒன்றுமில்லை, தந்த வியாபாரம்.) ஆனால் அவர் போட்டது விரியாத கெட்டிக் குண்டு, குறிவைத்தது மூளைக்கு. யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்துப் படித்த ஆள். அவர் கதையும் குண்டின் கதைதான், காலிபரின் கதை இல்லை.

சரி, எதை வாங்குவது? .30-06-க்கு 180 கிரெய்ன் பார்ட்டிஷன், இல்லாவிட்டால் ஈயத்தை உறையோடு ஒட்டவைத்த பாண்டட் வகை. .270-க்கு 150 கிரெய்ன். இவை எல்லாமே சரியானவை, சண்டை வேண்டாம். என் ஓட்டு மட்டும் முழுச் செம்புக் குண்டுக்கு. சரியான வேகத்தில் பட்டால் நுனி நான்கு இதழாக விரியும், எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். முக்கியமான காரணம் கறி. ஈயக் குண்டின் துகள் காயத்தைச் சுற்றி வெகுதூரம் தெறிக்கும், கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியும். 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கென்று வேட்டைக்காரர்கள் கொடுத்த மான்கொத்துக்கறியில் ஈயம் இருப்பது தெரிந்து, அதைக் கொட்டச் சொன்னார்கள். வீட்டில் குழந்தைகள் சாப்பிடுகிற கறி, யோசியுங்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன, ஈயம் கலந்த குடலைத் தின்று காண்டார் கழுகுகள் செத்ததுதான் அங்கே விஷயத்தைக் கிளப்பியது.

செம்பிலும் குறை இருக்கிறது. ஈயத்தைவிட லேசான உலோகம் என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். 180-க்குப் பதில் 165 எடுங்கள். படும்போது நொடிக்கு 2,000 அடி வேகமாவது இருந்தால்தான் நம்பி அடிக்கலாம். .308-இல் 300 யார்டைத் தாண்டினால் அந்த எல்லையை நெருங்கிவிடுவோம். அறுநூறு யார்டில் சுடுவேன் என்கிறவருக்கு இந்தப் பதிவு உதவாது, அவரோடு எனக்கு வேறு சண்டை இருக்கிறது.

அப்புறம் ஒன்று. மலிவுத் தோட்டாவில் ஸ்கோப்பைச் சரிபார்த்துவிட்டு, காட்டுக்கு மட்டும் விலை கூடியதை எடுத்துப்போகிறவர்கள் நிறையப் பேர். குண்டு மாறினால் படுகிற இடமும் மாறும். ஒரே லாட் எண்ணில் (ஒரே தொகுதியாகச் செய்தது) இரண்டு பெட்டி வாங்கி, ஒன்றை ரேஞ்சில் காலி செய்யுங்கள்.