பனி பெய்யாத மலையிலும் குளிர் கொல்லும்

2010ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃப்ரோசன்’ படத்தை நேற்றிரவு மூன்றாம் முறையாகப் பார்த்தேன். குழந்தைகள் பார்க்கும் அதே பெயருள்ள கார்ட்டூன் படம் அன்று. ஆடம் கிரீன் இயக்கிய, குறைந்த செலவில் எடுக்கப்பட்ட திரில்லர். பனிச்சறுக்கு விளையாட வந்த மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை இரவு கடைசிச் சுற்றுக்காகக் கம்பிவட நாற்காலியில் ஏறுகிறார்கள். ஆள் இருப்பது தெரியாமல் ஊழியர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மறுபடி திறப்பது வெள்ளிக்கிழமைதான்.

இந்தப் படத்தை எங்கள் ஊர்ப் பையன்கள் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் ஒரே ஒரு காட்சி. கையுறையைத் தவறவிட்ட பெண் அசதியில் தூங்கிப்போகிறாள். விழிக்கும்போது அவள் உள்ளங்கை இரும்புக் கம்பியோடு உறைந்து ஒட்டியிருக்கிறது. தோல் உரியாமல் கையை எடுக்க வழியில்லை. அங்கே பேயும் இல்லை, கொலைகாரனும் இல்லை. இரும்பும் குளிரும் மட்டுமே. பிறகு ஏன் ஓநாய்க் கூட்டத்தைக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் என் ஆற்றாமை. ஓநாய்கள் மனிதரைத் தாக்குவது மிகமிக அரிது என்பது ஒருபுறம் இருக்கட்டும். குளிரே போதும் என்ற நம்பிக்கையை இயக்குநர் பாதியில் கைவிட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன்.

குளிர் போதும் என்பதை நான் ஏற்காட்டுச் சாலையில் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி அடைமழையில் நானும் தம்பியும் பைக்கில் இறங்கிக்கொண்டிருந்தபோது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் செயின் அறுந்துவிட்டது. பனிமூட்டம், காற்று, உடம்போடு ஒட்டிய ஈரச் சட்டை. அலைபேசியில் சிக்னல் இல்லை. ஒரு மணி நேரம் போவதற்குள் தம்பியால் மழைக்கோட்டின் பட்டனைப் போட முடியவில்லை. விரல்கள் பட்டனின் மேல் இருந்தன, ஆனால் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. “அண்ணா, நீயே போட்டு விடு” என்று அவன் சொன்னபோது நாக்குக் குழறியது. காப்பித் தோட்டத்து ஜீப் ஒன்று வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் எண்ணிப் பார்க்க மனம் வருவதில்லை.

உடல் வெப்பநிலை 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே இறங்கினாலே ஆபத்துத் தொடங்கிவிடுகிறது. அதற்குச் சுற்றிலும் பனிக்கட்டி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த உடையும் வீசும் காற்றும் சேர்ந்தால் பத்து டிகிரியிலேயே ஆளை வீழ்த்திவிடும். முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், புத்தித் தடுமாற்றம். நடுக்கம் தானாக நிற்பதைத் தேறுகிறார் என்று எடுத்துக்கொள்வதுதான் மிகப் பெரிய பிழை. கடைசிக் கட்டத்தில் சிலர் உடம்பு எரிவதாக உணர்ந்து சட்டையைக் கழற்றி எறிவார்கள். இதைவிடக் கொடூரமான திருப்பத்தை எந்தக் கதாசிரியர் எழுதிவிட முடியும்?

டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இந்த ஏற்காட்டுச் சாலையிலிருந்துதான் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்தது. காலந்தவறாமைக்கும் சிக்கனத்துக்கும் பெயர்பெற்ற அந்த ஸ்டுடியோவின் முகப்பு வளைவைக் கடந்துதான் நாங்கள் மலையேறுகிறோம். 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனியையும் மழையையும் இயற்கை இலவசமாகவே தருகிறது. அப்படியிருந்தும் குளிர்ப் படம் என்றால் காஷ்மீருக்கோ வெளிநாட்டுக்கோ போக வேண்டும் என்று நம் இயக்குநர்கள் நினைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இரண்டு நடிகர்கள், செயின் அறுந்த ஒரு பைக், ஒரே இரவு போதும். ஓநாய் வேண்டாம், சிறுத்தையும் வேண்டாம். மழைக்கோட்டுப் பட்டனோடு போராடும் விரல்களைக் கேமரா ஒரு நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால், நான் முதல் காட்சிக்கே டிக்கெட் எடுத்துவிடுவேன். பக்கத்து இருக்கையில் தம்பி இருப்பான்.