எறும்பு வரிசையும் ஒரு 'ம்'மும்

உடன் பணிபுரியும் இளம்பெண் ஒருத்தி சென்ற வாரம் மதிய இடைவேளையில் கேட்டாள்: "அக்கா, அவர் நல்லவர்தான். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதுவுமே நடக்கவில்லையே?" திருமணமாகி மூன்று ஆண்டுகள். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. அவள்மீது இல்லை, காதல் என்றால் ஏதாவது 'நடந்துகொண்டே' இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனை பேர்மீதும்.

படபடப்பு, தூக்கம் வராமை, எந்நேரமும் அதே முகம் கண்முன் நிற்பது. இந்த மயக்கத்தை டோரதி டென்னாவ் என்ற உளவியலாளர் 1970களில் ஏராளமானோரிடம் பேசி ஆராய்ந்தார். பெரும்பாலும் ஒன்றரை ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுக்குள் அது வடிந்துவிடும் என்பது அவருடைய கணிப்பு. இவளுக்கு இது மூன்றாம் ஆண்டு. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு தரையில் என்ன கிடக்கிறது என்று அல்லவா பார்க்க வேண்டும்?

என் வீட்டுத் தரையில் கிடப்பது ஈரத்துண்டு. 17 ஆண்டுகளாக.

சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். துண்டு அங்கேயேதான் கிடக்கிறது. என் கணவருக்கும் என்மீது ஒரு நிரந்தரப் புகார் உண்டு: வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போன பிறகு, "பூட்டினோமா?" என்று கேட்டுத் திரும்ப வைப்பேன். தம்பதிகளை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்துவரும் ஜான் காட்மன் சொல்லும் ஒரு கணக்கு எனக்குப் பெரும் நிம்மதியைத் தந்தது. தம்பதிகளுக்கிடையே வரும் பிணக்குகளில் 69 சதவீதம் தீரவே தீராதவையாம். மகிழ்ச்சியாக வாழ்கிறவர்களுக்கும் அப்படித்தானாம். துண்டை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இன்று காலையில்கூடத் திட்டினேன்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. 1330 குறளையும் பாடி முடித்த வள்ளுவர் கடைசி அதிகாரமாக வைத்தது ஊடலுவகையை. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாயாலேயே, யார் நினைத்ததால் தும்மினீர் என்று கேட்டு அழுகிறாள். அடுத்த தும்மலை அவன் அடக்கிக்கொள்கிறான். உமக்கு வேண்டியவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். பாவம், அந்த மனிதன் மூக்கை எங்கே கொண்டுபோய் வைப்பான்! படிக்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டுச் சத்தத்தை ஒட்டுக்கேட்பது போலவே இருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கை ஓங்குகிறவனையும், நாள்தோறும் அவமானப்படுத்துகிறவனையும் 'குறையுள்ள மனிதர்' என்ற கணக்கில் நான் சேர்க்கவில்லை. அங்கே பொறுத்துப்போகச் சொல்வது பாவம். நான் பேசுவது ஈரத்துண்டுக்காரர்களைப் பற்றி மட்டும்.

அந்த ஈரத்துண்டுக்காரர் செய்வது ஒன்று உண்டு. சிறுவயதில் நான் பஸ் மாறி ஏறி வேறெங்கோ போய் இறங்கிய கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். எப்படியும் ஐம்பது முறை கேட்டிருப்பார். இருந்தும், நடத்துநர் வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறார். நான் ஏதாவது விட்டுவிட்டால், "குடையைச் சொல்லவில்லையே" என்று எடுத்துக்கொடுக்கிறார். இதை வெகுகாலம் நான் ஒரு பொருட்டாகவே எண்ணியதில்லை.

எண்ண வைத்தது ஓர் எறும்பு வரிசை. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில் ஜன்னலருகிலிருந்து கூப்பிட்டார்: "இங்கே வந்து பாரேன், ஒரு பூச்சியின் இறக்கையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போகின்றன. பாய்மரம் மாதிரி இருக்கிறது." நான் கைப்பேசியில் இருந்தேன். "ம்" என்றேன். தலையைத் தூக்கவில்லை. அவர் இரண்டாம் முறை கூப்பிடவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. ஆனால் அதன் பிறகு பல நாட்கள் எதையும் பார்க்க என்னைக் கூப்பிடவே இல்லை. அந்த மௌனத்தைக் கவனிக்கவே எனக்கு ஒரு வாரமானது.

காட்மன் குழு புதுமணத் தம்பதிகளைக் கவனித்ததும் இப்படிப்பட்ட அற்ப அழைப்புகளைத்தான். "இதைப் பாரேன்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் திரும்புகிறாரா, இல்லையா? ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்திருந்தவர்கள் அந்த நாட்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 86 அழைப்புகளுக்குத் திரும்பியிருந்தார்கள். பிரிந்தவர்கள் 33க்குத்தான். 86 என்ற எண் எனக்குப் பிடித்திருந்தது. மீதி 14 முறை அவர்களும் "ம்" என்றிருப்பார்கள் அல்லவா?

அந்தப் பெண்ணிடம் நாளை கேட்கப்போகிறேன்: அவர் உன்னை எதையாவது பார்க்கக் கூப்பிடுகிறாரா? நீ அவரைக் கூப்பிடுகிறாயா? இரண்டுக்கும் இல்லை என்றால் அவளுடைய கவலை நியாயமானது, உட்கார்ந்து பேசுவோம்.

நேற்று இரவு அவர் மறுபடி கூப்பிட்டார். அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். அதற்குள் எறும்புகள் சுவரிடுக்கில் மறைந்துவிட்டன. வெறும் சுவர்தான் இருந்தது. எது முன்னால் போனது, எது பின்தங்கியது, இறக்கை எங்கே சிக்கிக்கொண்டது என்று விரலால் சுவரில் கோடு போட்டுக் காட்டினார். தோளில் ஈரத்துண்டு.