தகர டப்பா பார்க்கும் பச்சை நைலான் டவுசரும்

தண்ணீர் விளையாட்டும் ராட்டினமும் உள்ள ஒரு சின்ன பொழுதுபோக்கு பார்க்கைக் கிண்டல் செய்து ஒரு தம்பி போட்ட ரீலை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். ‘ஐந்நூறு ரூபாய்க்குத் தகர டப்பா’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, பின்னால் சோக வயலின் ஓடவிட்டு, பெயின்ட் உரிந்த டைனோசருக்கு அந்தத் தம்பி முத்தம் கொடுக்கிறாரே, அதுதான். நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதனால் திரும்பக் கதை சொல்லப் போவதில்லை. லிங்க்கும் போட மாட்டேன். அவருக்கு வேண்டிய வியூஸ் ஏற்கனவே சேர்ந்துவிட்டது. பார்க்கின் பெயரையும் எழுதப் போவதில்லை. இரண்டு வார்த்தை நல்லதாக எழுதினால் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா?

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சின்ன பார்க்கைக் கிண்டல் செய்கிறேன் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், கடைசியில் கிண்டலுக்கு ஆளாவது பார்க் இல்லை, காசு கொடுத்து அங்கே போன சனம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்களும் அங்கேதான் இருந்தோம். நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர், நாத்தனார் பெண், என் அப்பா. ஆக ஆறு பேர். அதனால் பார்க்கில் குறையே இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தத் தம்பியைவிட நீளமான பட்டியல் என்னிடம் இருக்கிறது. நான்கு ராட்டினங்கள் ஓடவில்லை. டிக்கெட் கொடுக்கும்போது அதை யாரும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒவ்வொன்றாக நாமே கண்டுபிடிக்க வேண்டும், புதையல் வேட்டை மாதிரி. கொலம்பஸ் கப்பல் ஏன் கயிறு கட்டிக் கிடக்கிறது என்று கேட்டேன். “மெயின்டனன்ஸ் மேடம்.” எப்போதிலிருந்து? “பொங்கல்லேருந்து.” நாங்கள் போனது மே மாதம்.

பெண்கள் உடை மாற்றும் அறையில் ஒரு கொக்கி கிடையாது. ஒரே ஒரு கொக்கிகூட! ஈரச் சுடிதாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, காய்ந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கீழே ஓடும் சேற்றுத் தண்ணீரில் கால் படாமல் ஒற்றைக்காலில் நின்று மாற்றியிருக்கிறீர்களா? நான் மாற்றியிருக்கிறேன். என் பெண் தலைக்கு மேல் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் செக்யூரிட்டி டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, வெளிச் சாப்பாடு கூடாது என்று எலுமிச்சை சாதத்தை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார். உள்ளே கேன்டீனில் அதே எலுமிச்சை சாதம் 120 ரூபாய், முந்திரி இல்லாமல்.

இத்தனையும் சொன்ன பிறகும் சொல்கிறேன், பிள்ளைகள் மூன்றும் அன்றைக்குச் சிரித்த மாதிரி இந்த வருஷம் வேறெங்கும் சிரிக்கவில்லை. டாஷிங் காரில் ஏறி உட்கார்ந்ததும் அந்த நீளக் கம்பி மேலே கூரை வலையில் உரசி நீலப் பொறி பறக்குமே, ஒரு கருகிய வாசனை வருமே, அது எங்கேயும் ஒன்றுதான். கரண்ட் மேலே வலையிலிருந்து கம்பி வழியாக இறங்கி, மோட்டாரைச் சுற்றிவிட்டு, கீழே இரும்புத் தரை வழியாகத் திரும்பிப் போகிறது. அதை என் பையனுக்கு விளக்கியது காரைத் தள்ளிவிடுகிற ஆள். இருபது வயதுகூட இருக்காது. ஒடிசா என்றான். அரைகுறைத் தமிழில், கையை மேலேயும் கீழேயும் காட்டி, மூன்று நிமிடத்தில் புரியவைத்துவிட்டான். ரீலில் அவனும் வருகிறான், ஓரமாக, கொட்டாவி விட்டபடி. அதற்கு ஒரு ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருக்கிறார்கள்.

நான் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவள். எங்கே போனாலும் செலவுக் கணக்கு என் மண்டையில் ஓடும். இந்த மாதிரி இடங்களுக்குக் கூட்டம் என்பது ஏப்ரல், மே இரண்டு மாதம், அப்புறம் பண்டிகை விடுமுறை. வாரநாளில் பள்ளிச் சுற்றுலா பஸ் வந்தால் உண்டு. அக்டோபரிலிருந்து மழை. ஆனால் தண்ணீரைச் சுத்தம் செய்கிற மோட்டாருக்கும் சம்பளத்துக்கும் மழைக்கால விடுமுறை கிடையாது. கடற்கரைப் பக்கம் இருந்தால் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும், உள்ளே இருந்தால் வெயில் ஃபைபர் பொம்மைகளை வெளுக்க வைக்கும். அந்த டைனோசர் வெளுத்தது சோம்பேறித்தனத்தால் மட்டும் இல்லை. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது இந்த பார்க்குகளின் நுழைவுக் கட்டணத்துக்கு 28 சதவீதம் போட்டார்கள், 2018 ஜனவரியில்தான் 18 ஆக்கினார்கள். அப்புறம் கொரோனா. இதற்கெல்லாம் முன்பே செம்பரம்பாக்கம் பக்கம் இருந்த பார்க் என்ன ஆனது? படப்பிடிப்புத் தளம் ஆகிவிட்டது. ஜனங்கள் அலறிக்கொண்டு ராட்டினம் சுற்றிய வளாகத்தில் பிக் பாஸ் வீடு போட்டு அதற்குள் அலறுகிறார்கள்.

“அதான் திருப்போரூர் பக்கம் பெரிசா திறந்துட்டாங்களே, அங்க போக வேண்டியதுதானே?” இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், நேற்றே இரண்டு பேர் கேட்டாயிற்று. போகலாம். வொண்டர்லா 2025 டிசம்பரில் திறந்தது, 60 ஏக்கருக்கு மேல், 600 கோடிக்கு மேல் செலவு. நன்றாகத்தான் இருக்கும், எனக்கு அவர்கள் மேல் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் டிக்கெட்டே ஒரு ஆளுக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஆறு பேருக்குக் கூட்டிப் பாருங்கள், அப்புறம் கொளத்தூரிலிருந்து போகவர வண்டிச் செலவைச் சேருங்கள். அதுவும் 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட் என்று ஒற்றை பார்க்காக ஆரம்பித்த கம்பெனிதான். பிறக்கும்போதே யாரும் 600 கோடியோடு பிறப்பதில்லை.

இப்போது சின்ன வயதுக் கதைக்கு வருகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா திறந்தது 1995-இல். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் கட்டியது. எங்கள் வகுப்பில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. பள்ளியில் சுற்றுலாவுக்குப் பணம் கட்டச் சொன்னார்கள், நான் கட்டவில்லை. வீட்டில் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. கேட்டிருந்தால் அப்பா எங்கேயாவது கடன் வாங்கியிருப்பார், அது தெரிந்துதான் கேட்கவில்லை. எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. ஜனவரியில் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் பல்லவன் பஸ்ஸில் கூட்டிப் போனார். முகத்தை மறைக்கிற அளவு டெல்லி அப்பளம், மிளகாய்த்தூள் தூவி. நானும் தம்பியும் கொலம்பஸில் ஏறினோம். கப்பல் ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் அப்பா தெரிவார், எங்கள் இரண்டு பேர் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி. நீங்களும் வாங்கப்பா என்று கூப்பிட்டதற்கு, “எனக்குத் தலை சுத்தும்மா” என்றார். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓவர்ஹெட் கிரேன் ஓட்டினவர். இருபத்தாறு வருஷம், தினமும் ஏணி ஏறி முப்பது அடி உயரத்தில் உட்கார்ந்த ஆளுக்குத் தலை சுற்றுமாம். நம்பினேன். திங்கட்கிழமை வகுப்பில் அப்பளக் கதையைச் சொன்னேன். கிஷ்கிந்தா தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருத்தி, “பொருட்காட்சி எல்லாம் ஒரு பார்க்காடி?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சரி. ரீலுக்கு வருகிறேன். செயற்கையாக அலை எழுப்புகிற அலைக்குளம் வருகிற இடம் ஞாபகம் இருக்கிறதா? சங்கு ஊதுகிறது, எல்லோரும் ஓவென்று கத்துகிறார்கள், கேமரா ஒரு பெரியவரிடம் போய் நிற்கிறது. மேலே பனியன், கீழே வாடகைக்கு எடுத்த பச்சை நைலான் டவுசர், இரண்டு கையாலும் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்து சிரிக்கிறார். அடியில் ‘ஏழைகளின் மாலத்தீவு’ என்று எழுதியிருக்கிறது. அது என் அப்பா.

பருத்தித் துணியோடு இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம், நூல் பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடும் என்கிறார்கள். பனியனை மட்டும் எப்படியோ விட்டுவிட்டார்கள். வேட்டியை அவிழ்த்து டவுசர் போடவே அரை மணி நேரம் கூச்சப்பட்டார். அன்றைக்குக் காலையில் பஸ்ஸில், “இந்த வாட்டி நானும் அந்தக் கப்பல்ல ஏறப் போறேன்” என்று பேரனிடம் சொல்லிக்கொண்டே வந்தார். எழுபத்தொரு வயது. கப்பல்தான் பொங்கலிலிருந்து கயிறு கட்டிக் கிடந்ததே. அதனால்தான் அலைக்குளம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நாங்கள் ஏழைகூட இல்லை. கொளத்தூரில் சொந்த ஃப்ளாட், தவணை ஓடுகிறது. இதை எதற்கு இங்கே எழுதினேன் என்று எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏழையாக இருந்தால் மட்டும் கிண்டல் செய்யலாமா? எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

“பொது இடம், யார் வேணா வீடியோ எடுக்கலாம்.” ஆமாம் சார். எடுக்கலாம். உங்கள் அப்பா நைலான் டவுசரில் நிற்கும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன் கேமராவோடு.

“நுகர்வோருக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லையா?” தாராளமாகக் கேளுங்கள். டிக்கெட் கவுன்டரில் கேளுங்கள், எது ஓடுகிறது எது ஓடவில்லை என்று ஒரு போர்டு வைக்கச் சொல்லுங்கள். நான் கேட்டேன், புகார் நோட்டில் முக்கால் பக்கம் எழுதினேன். நோட்டுக்குப் பேனா கொண்டுவந்து தரவே பத்து நிமிடம் ஆனது, அது வேறு விஷயம். தம்பி ஒரு வரி எழுதினாரா?

“பாதுகாப்பு?” இது நியாயமான கேள்வி. இதற்கு மட்டும் என்னிடம் சுருக்கென்று பதில் இல்லை. இந்த ஊர் ராட்டினங்களில் உயிரே போயிருக்கிறது. 2025 மே மாதம் ஈ.சி.ஆரில் ராட்டினம் பாதியில் நின்று, ஆட்கள் மணிக்கணக்கில் அந்தரத்தில் உட்கார்ந்திருந்து, தீயணைப்புத் துறை வந்து இறக்கியதை டிவியில் எல்லோரும்தான் பார்த்தோம். அன்றைக்கு நானும் ஒவ்வொரு தடுப்புக் கம்பியையும் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை உட்காரவிட்டேன். ஒரு இருக்கையைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள், “அது வேணாம்க்கா, லாக் சரியில்ல” என்றான் ஆபரேட்டர். சொன்னானே என்று நிம்மதிப்படுவதா, லாக் சரியில்லாத ராட்டினத்தை ஏன் ஓட்டுகிறார்கள் என்று பயப்படுவதா தெரியவில்லை. அதில் ஏற்றவில்லை. ஆனால் ஒன்று, மூன்று நிமிட ரீலில் பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை இருந்ததா? லாக்கைக் காட்டினாரா? கயிற்றைக் காட்டினாரா? டைனோசர், கொட்டாவி, டவுசர். இவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி.

உண்மையைச் சொன்னால் அந்தத் தம்பிமேல் எனக்கு இவ்வளவு கோபம்கூட இல்லை. அவருக்கு வயது இருபத்திரண்டோ என்னவோ, யாரையோ சிரிக்கவைக்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதை முதலில் போட்டது யார் தெரியுமா? என் பெரியம்மா பையன். அப்பாவை அடையாளம் தெரிந்தே போட்டான். மூன்று சிரிப்பு பொம்மையோடு, “சித்தப்பா வைரல்!” என்று. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. ஒரு அத்தை மட்டும், “மாமா நல்லாதான் இருக்கார்” என்று எழுதியிருந்தார்கள். அவன் போன வருஷம் சிங்கப்பூர் போய் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பார்க் உருண்டைக்கு முன்னால் எடுத்த நாற்பது போட்டோவுக்கும் நான் லைக் போட்டேன். நாற்பதுக்கும். இவன் படித்தபோது அப்பாதான் எஸ்டேட்டில் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்டு... வேண்டாம். அது வேறு கதை, இங்கே எழுதினால் பெரியம்மா போன் செய்வார்கள்.

அப்பாவிடம் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். அவரிடம் பட்டன் போன்தான். புதன்கிழமை நான் வேலையிலிருந்து வருவதற்குள் பையன் காட்டிவிட்டான். நான் உள்ளே நுழையும்போது கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அந்த டவுசர் இவ்ளோ பச்சையாவா இருந்துச்சு?” என்றார். அடியில் எழுதியிருந்ததைப் படித்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, “அடுத்த வாட்டி போறதுக்கு முன்னாடி, கப்பல் ஓடுதான்னு ஒரு போன் போட்டுக் கேட்டுரு” என்றார்.

வியாழன், வெள்ளி, இன்று காலை என்று மூன்று நாளாகப் போடுகிறேன். எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.