பர்னபாஸைப் பகிராதீர்கள்

பெரிய வெள்ளி நெருங்கினாலே போதும், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் அதே பதிவு சுற்றத் தொடங்கிவிடும்: "சிலுவையில் செத்தது இயேசு இல்லை, யூதாஸ். பர்னபாஸ் சுவிசேஷமே சொல்கிறது." பைபிளில் இடம்பெறாத ஒரு நூல் அது. அந்தப் பதிவை அனுப்பும் நம் முஸ்லிம் சகோதரர்களைத்தான் கேட்கிறேன், தயவுசெய்து நிறுத்துங்கள்.

அந்த நூலில் ஈசா நபி (அலை), அதாவது இயேசு, 'நான் மஸீஹ் (மெசியா) இல்லை' என்கிறார். குர்ஆனோ அவரை மஸீஹ் என்றே அழைக்கிறது. சிலுவை பற்றி நாம் ஆதாரம் காட்டும் குர்ஆன் வசனம் 4:157-லேயே அந்தப் பெயர் இருக்கிறது! குர்ஆனை மறுக்கும் நூலையா குர்ஆனுக்குச் சாட்சியாகக் கூப்பிடுவது? அதில் நாசரேத்துக்குக் கப்பலில் போகிறார்கள். நாசரேத் மலைப்பாங்கான ஊர், கரையே கிடையாது. யூதர்களின் புனித ஆண்டான யூபிலி நூறு வருடத்துக்கு ஒருமுறையாம். பைபிளின் லேவியர் 25-இல் அது ஐம்பதாம் ஆண்டு. நூறு என்பது 1300-இல் போப் எட்டாம் போனிஃபாஸ் வைத்த கணக்கு. அதற்குப் பிறகு எழுதியவர் கைவேலை அது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

நமக்கு 4:157 போதாதா? அவரைக் கொல்லவில்லை, சிலுவையில் அறையவில்லை, அவர்களுக்கு அப்படித் தோன்றியது. அடுத்த வசனத்தில் அல்லாஹ் அவரைத் தன்னளவில் உயர்த்திக்கொள்கிறான். அவருக்குப் பதில் யார் என்று வசனம் பெயர் சொல்லவில்லை. தஃப்சீர்களிலும் (குர்ஆன் விளக்கவுரைகள்) ஓர் அறிவிப்பு தானாக முன்வந்த சீடர் என்கிறது, இன்னொன்று காட்டிக்கொடுத்தவன் என்கிறது. யூதாஸ்தான் என்று அடித்துச் சொல்ல நமக்கே இடமில்லை.

"என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று சிலுவையில் இயேசு கதறியதையும் (மத்தேயு 27:46) பிடித்துக்கொண்டு நம்மவர்கள் கிறிஸ்தவர்களை மடக்கப் பார்க்கிறார்கள். அது பைபிளின் 22-ஆம் திருப்பாடலின் (சங்கீதம்) முதல் வரி. கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவருக்கு மீதி வரிகளும் தெரியும். 24-ஆம் வசனத்தில் அந்தக் கூக்குரல் கேட்கப்பட்டுவிடுகிறது. அவர்களுக்குச் சிலுவை வெறும் வரலாற்றுச் செய்தி இல்லை, பாவ மன்னிப்பே அதில்தான். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க முடியாது என்பது (6:164) நம் நம்பிக்கை. பிளவு இவ்வளவு ஆழத்தில் இருக்கும்போது ஒரு பார்வர்ட் எதைத் தீர்க்கும்?

இன்னொன்றையும் யோசியுங்கள். மலேசிய அரசமைப்பின் 11(4)-ஆம் பிரிவின் கீழ், முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் பேராக்கிலும் இருக்கிறது. குழுவில் உள்ள கிறிஸ்தவ அண்ணன் முழுப் பதிலை எழுதத் தயங்குவார். அவர் வாயடைத்திருப்பதை வெற்றி என்று எண்ணுவது அநியாயம்.

கிறிஸ்தவ நண்பர்களுக்கும் ஒன்று. குர்ஆன் 19:33-இல் ஈசா நபி 'நான் இறக்கும் நாளில்' என்று சொல்வதை வைத்து, குர்ஆன் சிலுவையை ஒப்புக்கொள்கிறது என்கிறீர்கள். 19:15-இல் யஹ்யா நபிக்கும் (உங்கள் யோவான் ஸ்நானகர்) கிட்டத்தட்ட அதே வாழ்த்துதான். ஈசா நபி திரும்பி வந்து, வாழ்ந்து, அதன்பின் இறப்பார் என்பது பெரும்பாலான முஸ்லிம்களின் நம்பிக்கை. அந்த வசனத்தை விட்டுவிட்டு, 4:157-ஐ எடுத்து நேராகவே கேளுங்கள்.