கானாவின் தங்கத்தையும் கொக்கோவையும் ஒரே தொகையாகக் கூட்டாதீர்கள்

சுவிற்சர்லாந்துக்கும் மேற்கு ஆபிரிக்காவின் கானாவுக்கும் இடையிலான வர்த்தகம் பற்றி இங்குள்ள செய்திகளில் எப்போதாவது ஒரு பத்தி வரும். மொத்தத் தொகை ஒன்று இருக்கும், போன ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தொகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதில் கூட்டப்பட்டிருக்கும் இரண்டு பெரிய பொருட்களில் ஒன்று மற்றொன்றைத் தின்றுகொண்டிருக்கிறது. மண்ணில் கழிந்துபோவதைத் தாளில் கூட்டி எழுதிவிட்டு, வர்த்தகம் வளர்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

கானாவிலிருந்து இங்கு வருவதில் பெரும்பங்கு தங்கம். அதற்கு அடுத்தது கொக்கோ விதை. இங்கிருந்து அங்கு போவது மருந்து, இயந்திரம், இரசாயனப் பொருட்கள்; அளவில் சிறியது. தங்கத்தின் பெறுமதி மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும் என்பதால் சுவிஸ் சுங்கத் திணைக்களமே வெளிநாட்டு வர்த்தகக் கணக்கில் இரண்டு மொத்தங்களைப் போடுகிறது. முதலாவதில் தங்கம் இல்லை. இரண்டாவதில் தங்கம், இரத்தினக்கல், கலைப்பொருட்கள் எல்லாம் சேரும். 2014 வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, எந்த நாட்டிலிருந்து எவ்வளவு தங்கம் வருகிறது என்ற விவரத்தையே வெளியிடாமல் வைத்திருந்த நாடு இது. இப்போது வெளியிடுகிறார்கள். நல்லது. ஆனால் செய்தியில் வருவது பெரும்பாலும் தங்கம் சேர்த்த தொகைதான்.

இந்த உறவு நேற்று முளைத்ததல்ல. பாசல் நகரத்து மிஷனரிமார் 1828-இல் இன்றைய தலைநகர் அக்ராவின் ஒசு பகுதியில் போய் இறங்கினார்கள். 1859-இல் அவர்களே ஒரு வர்த்தகக் கம்பனியும் தொடங்கினார்கள். அக்ரோபொங்கில் இருந்த பாசல் மிஷன் பட்டறையில் தொழில் பழகிய தெத்தே குவார்ஷி என்ற கொல்லர்தான் 1870களின் இறுதியில் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொக்கோ விதைகளைக் கொண்டுவந்து மாம்பொங்கில் நட்டார். அடுத்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில், அன்று கோல்ட் கோஸ்ட் என்ற பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்த கானா உலகின் முதலாவது கொக்கோ உற்பத்தியாளர் ஆகிவிட்டது. (இதே பாசல் மிஷன்தான் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. நம் பழைய வீட்டுக் கூரைகளில் இருக்கும் மங்களூர் ஓட்டின் தொடக்கம் அங்கே.) ஆக, இரு நாட்டுக்கும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழக்கம். அண்மைக்காலத்திலும் சுவிஸ் வாங்கிய கொக்கோ விதையில் பல ஆண்டுகள் கானாவுக்கே முதலிடம்.

அந்த விதை எப்படி மூட்டையாகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கானாக் கொக்கோவுக்கு உலகச் சந்தையில் இருக்கும் தனி மதிப்பு அந்தக் கைவேலையில்தான் இருக்கிறது. காயை வெட்டி, வெள்ளைச் சதையோடு விதைகளை வழித்தெடுத்து, வாழையிலையை நிலத்தில் பரப்பி அதன்மேல் குவிப்பார்கள். மேலேயும் இலையால் மூடி, ஆறு ஏழு நாள் புளிக்க விடுவார்கள். இடையில் குவியலைக் கலைத்துப் புரட்ட வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பது ஒரு விதமாகவும் வெளியே இருப்பது ஒரு விதமாகவும் போய்விடும். பிறகு மூங்கில் பந்தலில் விரித்த பாயில் ஒரு வாரம் வெயில். மழை இருண்டால் ஓடிவந்து சுருட்ட வேண்டும். காயவைக்கும்போதே சப்பையான விதையையும் ஒட்டிக்கொண்ட விதையையும் பெண்கள் உட்கார்ந்து பொறுக்குவார்கள். கொள்முதல் நிலையத்துக்குப் போனதும் தரக்கட்டுப்பாட்டு அலுவலர் முந்நூறு விதைகளை எடுத்து நீளவாக்கில் வெட்டிப் பார்ப்பார். பூஞ்சணம் பிடித்ததா, புளிக்காமல் சாம்பல் நிறத்தில் கிடக்கிறதா என்று எண்ணிக் கணக்கெடுத்த பிறகே சாக்குக்கு முத்திரை. ஒரு மூட்டை 64 கிலோ. தராசில் எடையைக் குறைத்து ஏமாற்றுகிறார்கள் என்பது அங்குள்ள விவசாயிகளின் நெடுநாள் முறைப்பாடு.

இவ்வளவையும் செய்பவர்களில் பலருக்குச் சொந்த நிலம் இருப்பதில்லை. நம் வாரச் சாகுபடி போலவே அங்கும் அபுசா, அபுனு என்று இரண்டு முறைகள் உண்டு. முதலாவதில் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு உழைப்பவருக்கு, இரண்டாவதில் பாதி. அதில்தான் குடும்பம் நடக்க வேண்டும்.

விலையை நிர்ணயிப்பது கொக்கோபோட் என்ற அரச நிறுவனம். 1947-இல் பிரித்தானியர் காலத்தில் தொடங்கப்பட்டது. பருவம் தொடங்குமுன்பே விளைச்சலின் பெரும்பகுதியை முன்பேர விற்பனையில் விற்றுவிட்டு, அந்தச் சராசரியை வைத்து விவசாயிக்கு ஒரு விலை அறிவிக்கும். விலை விழும் காலத்தில் இது நல்ல அரண். ஆனால் 2024-இல் என்ன நடந்தது? நோய், மோசமான மழை, கடத்தல், சுரங்கம் எல்லாம் சேர்ந்து விளைச்சல் சரிந்தது. உலகச் சந்தையில் ஒரு தொன் 10,000 டொலரைத் தாண்டியது. அந்த ஏப்ரலில் கானா விவசாயிக்கு அறிவிக்கப்பட்ட விலை தொன்னுக்கு 33,120 சேடி, ஏறத்தாழ 2,500 டொலர். பழைய மலிவு விலையில் விற்ற மூன்று இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட விதையைக் கொக்கோபோட் கொடுக்க முடியாமல் அடுத்த பருவத்துக்குத் தள்ளியது. வரலாற்றில் காணாத விலை வந்தபோது, அதை உழுதவர் கண்ணால்கூடக் காணவில்லை.

இப்படி இருக்கும் ஒருவரிடம் தங்கம் தோண்டுபவர்கள் வந்து பேசினால் என்ன ஆகும்? அங்கே கலம்சே என்று அழைக்கப்படும் உரிமமில்லாத சுரங்கத் தொழில் கொக்கோக் காட்டுக்குள் நுழைந்த கதை இதுதான். மரம் காய்க்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வேண்டும். மண்வெட்டும் பெரிய இயந்திரம் அதை ஒரு காலைப்பொழுதில் சாய்த்துவிடும். நில உரிமையாளர் சுரங்கக்காரரோடு பேசி முடித்துவிட்டால், பங்குக்கு உழுதவரின் வாழ்நாள் உழைப்பு குழியாகிப் போகும். மேல்மண் போனபின் அங்கே எதுவும் எளிதில் முளைக்காது.

ஆறுகளின் நிலை இன்னும் மோசம். 2024 ஆகஸ்டில், கேப் கோஸ்ட், எல்மினா நகரங்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் சேச்செரே ஹேமங் நிலையத்தில் பிரா ஆற்று நீரின் கலங்கல் 14,000 அலகு என்று தண்ணீர்க் கம்பனி அறிவித்தது. அந்த நிலையம் கட்டப்பட்டது 2,000 அலகு வரையிலான நீரைச் சுத்திகரிக்க. படங்களில் அந்த ஆறு பால்விட்ட தேநீர் நிறத்தில் ஓடுகிறது. அதில் பாதரசமும் கலந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 6 அன்று, சட்டவிரோதச் சுரங்கத்துக்கு எதிரான ஒரு நிகழ்ச்சிக்காக ஒபுவாசிக்குப் புறப்பட்ட இராணுவ ஹெலிகொப்டர் விழுந்து பாதுகாப்பு அமைச்சர், சுற்றுச்சூழல் அமைச்சர் உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். நாடே அழுதது. தோண்டுவது நிற்கவில்லை.

தங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆபிரிக்காவில் அதிகம் தங்கம் எடுக்கும் நாடு கானா. கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் 2022 டிசம்பரில் கையை விரித்த அந்த நாடு மீண்டும் எழுந்து நிற்க உதவியது தங்கம். சட்டப்படி சிறு சுரங்கத் தொழில் செய்து பிழைப்பவர்களும் ஏராளம். 2025-இல் கோல்ட்போட் என்ற அரச நிறுவனம் சிறு சுரங்கத் தங்கத்தை வாங்கும் உரிமையை எடுத்துக்கொண்டதும், சேடியின் மதிப்பு வெகுவாக உயர்ந்ததும் உண்மை. ஆனால் அந்த உயர்வு கொக்கோ விவசாயிக்கு என்ன செய்தது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 2025 ஆகஸ்டில் கொக்கோ விலையை அரசு தொன்னுக்கு 3,100 டொலரிலிருந்து 5,040 டொலராக உயர்த்தியது. 62 வீதத்துக்கு மேல் உயர்வு என்று அறிவித்தார்கள். கையில் கிடைக்கும் சேடியில் பார்த்தால் 49,600 என்பது 51,660 ஆயிற்று. வெறும் நான்கு வீதம். மீதி எல்லாம் வலுவான சேடிக்குள் கரைந்துவிட்டது. சேடி வலுத்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று தங்கம். நிலத்தில் நேரடியாகத் தின்ற தங்கம், நாணயத்தின் வழியாகவும் கொக்கோவைத் தின்கிறது.

இந்த விவாதம் வந்தால் நண்பர்கள் உடனே கேட்பது, கானா தானே சொக்லேட் செய்து விற்கலாமே என்பது. 2020 பெப்ரவரியில் பேர்னுக்கு வந்த அன்றைய ஜனாதிபதி அகுபோ அட்டோவும், மூலப்பொருளை மட்டும் விற்றுக்கொண்டிருந்தால் கானாவுக்கு வளமான எதிர்காலம் இல்லை என்றுதான் பேசினார். அந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடு உண்டு. தேமா துறைமுக நகரத்தில் விதையை அரைக்கும் ஆலைகளும் சொக்லேட் ஆலையும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் பால் சொக்லேட்டில் பெரும்பங்கு பாலும் சீனியும். சுவிஸுக்குள் விதை வரி இல்லாமல் வரும். பாலும் சீனியும் கலந்த சொக்லேட் வந்தால் இங்குள்ள விவசாயத்தைக் காக்கும் வரி விழும். இந்த வரியைப் பற்றி அன்றைய வரவேற்பில் யாராவது வாய் திறந்திருந்தால் பேச்சுக்கு அர்த்தம் இருந்திருக்கும்.

என் கோரிக்கை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் வனஅழிப்புத் தடைச் சட்டம், நடைமுறைக்கு வருவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தாலும், ஒவ்வொரு கொக்கோத் தோட்டத்தின் இருப்பிடத்தையும் வரைபடத்தில் காட்டச் சொல்கிறது. ஒன்றியத்துக்குச் சொக்லேட் விற்கும் சுவிஸ் கம்பனிகளும் அதற்குத் தயாராக வேண்டும். கானா தன் பங்குக்குத் தோட்டங்களை அளந்து பதிவு செய்திருக்கிறது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தன் மூட்டை எந்த மண்ணில் விளைந்தது என்று நிரூபிக்க வேண்டும். பக்கத்துக் குழியிலிருந்து வெளியேறும் தங்கத்திடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அது துபாய்க்குப் போய், உருகி, வேறு தங்கத்தோடு கலந்த பின் எந்த ஆற்றங்கரையில் எடுத்தது என்று சொல்ல முடியாது. துபாயிலிருந்து சுவிஸுக்கும் தங்கம் வருகிறது. இங்கே திச்சினோவிலும் நொய்சாத்தலிலும் இருக்கும் ஆலைகள் உலகத் தங்கத்தின் பெரும்பங்கைச் சுத்திகரிக்கின்றன. கேள்வியைக் கேட்கும் பலம் அவற்றுக்கு உண்டு.

கணக்கெடுக்கத் தெரியாத நாடாக இருந்தால் மன்னித்துவிடலாம். 2020 நவம்பரில் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் கீழ் கானாவோடு ஓர் உடன்படிக்கை செய்து, அங்குள்ள கிராமங்களில் புகை குறைந்த அடுப்புகளால் வெளியேறாமல் மிச்சமான கரியமில வாயுவை சுவிஸ் தன் புகைக்குறைப்புக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 2025 ஜூலையில் வந்த முதல் தொகுதி 11,733 தொன். அந்தக் கணக்குச் சரியா என்று சுவிஸ் தொண்டு அமைப்புகளே கேட்கின்றன, அது தனி விவாதம். வராத புகையை ஒற்றைத் தொன்வரை எண்ணுகிறவர்களால், அழிந்த கொக்கோக் காட்டை எண்ண முடியாதா?

2020 நவம்பர் 29 அன்று, வெளிநாட்டில் நடக்கும் கேட்டுக்குச் சுவிஸ் கம்பனிகளைப் பொறுப்பாக்கும் முன்மொழிவுக்கு வாக்களித்தவர்களில் 50.7 வீதம் பேர் ஆம் என்றோம். மாநிலங்களின் பெரும்பான்மை கிடைக்காததால் தோற்றது. 2025-இல் அதே நோக்கமுள்ள புதிய முன்மொழிவுக்கு மீண்டும் கையெழுத்துத் திரட்டிக் கொடுத்தாயிற்று. இங்கே குடியுரிமை பெற்ற தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். வாக்குச் சீட்டு வீட்டுக்கு வரும்போது கூடவே வரும் சிறு கையேட்டைப் படிக்காமல் ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் மாநிலத்திலிருந்து தேர்வான நாடாளுமன்ற உறுப்பினருக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள்: துபாய் வழியாக வரும் தங்கத்துக்கும் தோண்டிய இடத்தைக் காட்டச் சொல்வீர்களா, கானாவுடனான வர்த்தக அறிக்கையில் கொக்கோவையும் தங்கத்தையும் தனித்தனியாகப் போடுவீர்களா என்று. நான் எழுதிவிட்டேன். பதில் வந்தால் இங்கே பகிர்கிறேன்.