போட்மின் தோற்றுப்போன விமானம் இல்லை

போட்மின் என்ற பழைய பிரிட்டிஷ் சோதனை விமானத்தின் படத்தை இணையத்தில் ஒருவர் கேலியாகப் போட்டிருந்தார். அதற்குக் கீழே குவிந்த சிரிப்பு எமோஜிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். போட்டவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. "நாலு புரொப்பல்லர் இருக்கு, இன்ஜினைக் காணோம், எவன்டா டிசைன் பண்ணான்?" என்று கேட்ட புண்ணியவானுக்கு மட்டும் பதில்: ஜான் நார்த். இங்கிலாந்தின் நாரிச் நகரத்து போல்டன் அண்ட் பால் நிறுவனம்.

இன்ஜின் தொலைந்துபோகவில்லை ஐயா. விமானத்தின் வயிற்றுக்குள் தனி இன்ஜின் அறையில் நேப்பியர் லயன் ரக இன்ஜின்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று இறக்கைகளுக்கு நடுவே முன்பக்க புரொப்பல்லர் இரண்டையும், மற்றது பின்பக்கத்து இரண்டையும் கியர்பாக்ஸ், ஷாஃப்ட் வழியாகச் சுழற்றும். ஒரு இன்ஜின் நின்றாலும் இடது, வலது இரண்டு பக்கமும் ஒவ்வொரு புரொப்பல்லர் ஓடும்; விமானம் ஒருபக்கமாக இழுக்காது. பறக்கும்போதே மெக்கானிக் இன்ஜின் பக்கத்தில் போய் நின்று கவனிக்கலாம். கப்பலில் இருப்பதுபோல விமானத்திலும் இன்ஜின் அறை சாத்தியமா? கேள்வி அவ்வளவுதான். 1924-இல் பறந்து பதில் சொன்னது: சாத்தியம், ஆனால் அத்தனை கியரும் ஷாஃப்ட்டும் கூட்டுகிற எடைக்குக் கட்டுப்படியாகாது. இரண்டு விமானங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. இதில் தோல்வி எங்கே இருக்கிறது?

"மக்கள் வரிப்பணம் வீண்" என்பீர்கள். தெரியாமலேயே நூறு விமானம் வாங்கியிருந்தால் சந்தோஷமா? "ஜெர்மனிக்காரர்கள் முதல் உலகப்போரிலேயே விமானத்தின் உடலுக்குள் இன்ஜின் வைத்துப் பார்த்தார்களே" என்று ஒருவர். நியாயமான கேள்விதான். கேட்ட தொனி பிடிக்கவில்லை, விட்டுவிடுகிறேன். எஃகுச் சட்டகம் கட்டுவதில் கைதேர்ந்த இதே நிறுவனம்தான் பிறகு ஆர்101 வான்கப்பலின் எலும்புக்கூட்டையும் செய்தது. உடனே "அதுவும் 1930-இல் விழுந்து எரிந்ததே" என்று வராதீர்கள். அது வேறு கதை.

சோதனைக்குச் செய்த பொருள் விற்பனைக்கு வராவிட்டால் அது குப்பை இல்லை. எத்தனை முறை சொல்வது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் ஒரு ட்ரையல் பீஸ் செய்தேன். டெஸ்ட் பெஞ்சில் ஒழுகியது. எங்கே, ஏன் ஒழுகுகிறது என்று ரிப்போர்ட்டும் நானே எழுதிக் கொடுத்தேன். ஆயுத பூஜையன்று யாரோ அதற்கு மாலை போட்டு, என் பெயரை எழுதி ஒட்டி, எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? அடுத்த மாடலில் ஒழுகலைத் தடுக்கும் 'சீல்' பாகத்தை மாற்றினார்கள். என் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான். அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.